மஞ்சள் எரியாத மணிக்கட்டு

மணிக்கட்டில் அந்தப் பட்டையைக் கட்டிவிட்ட அன்று காலையிலும் பியூலாவின் வலது கையில் மூன்று விரல்கள் மரத்துத்தான் கிடந்தன. அது புதிதில்லை. கொஞ்ச காலமாகவே தூங்கி எழும்போது கட்டைவிரலும் அடுத்த இரண்டும் வேறு யாருடையவோ போல இருக்கும். கையை உதறி உதறி உயிர் வரவழைத்த பிறகுதான் அடுப்புப் பக்கம் போவாள். தோசையைத் திருப்பினால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு கம்பி இழுபடுவது போல இருக்கும். தேங்காய் துருவுவது, குக்கர் மூடியைத் திறப்பது எல்லாம் கணவன் ஜெபக்குமாரின் வேலையாகிவிட்டன. பாளையங்கோட்டையில் அவர்கள் போகும் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனைக்கு அவள்தான் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தாள். பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்ளும் தேவசகாயம் அண்ணாச்சியிடம், "வேற ஆளைப் பாருங்க அண்ணாச்சி" என்று சொல்லி அதையும் விட்டுவிட்டாள்.

வேலை கங்கைகொண்டானில், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் பதில் பிரிவில். ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்டு எழுதுகிறவர்களுக்கு 'உண்டு' என்று சொல்வதானால் இயந்திரமே சொல்லிவிடும். 'இல்லை' என்று சொல்வதானால் ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அந்தத் தளத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இல்லை என்று சொல்லவே சம்பளம் வாங்கினார்கள். இல்லை என்றதும் எதிர்ப்பக்கத்திலிருந்து கேள்வி வரும், கெஞ்சல் வரும், வசவு வரும். எல்லாவற்றுக்கும் பதில் தட்ட வேண்டும். நாள் முழுக்கத் தட்டல்தான்.

டாக்டர் சொன்ன எதையும் பியூலா விடவில்லை. முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி நாற்காலியை உயர்த்தினாள். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்காமல் இருக்க கம்ப்யூட்டர் கீபோர்டின் கால்களை மடக்கித் தட்டையாக வைத்தாள். மேசை விளிம்பு கையை அழுத்தக் கூடாது என்று பழைய துண்டைச் சுருட்டி வைத்தாள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து விரல்களை விரித்து மடக்கினாள். ஆனால் எழுந்த நேரத்துக்குள் வரிசையில் கேள்விகள் சேர்ந்துவிடும். அதை முடிக்க முன்னைவிட வேகமாகத் தட்டுவாள். கடைசியில் டாக்டர் கையை விரித்துவிட்டார். "ஆபரேஷன் பண்ணலாம். ஆனா திரும்பப் போய் இதே வேலையைப் பார்த்தீங்கன்னா, திரும்ப வரும்."

அந்தச் சமயத்தில்தான் நிறுவனம் பட்டையைக் கொண்டுவந்தது. கைக்கடிகாரத்தைவிடக் கொஞ்சம் அகலம். உட்பக்கம் மரவட்டைக் கால்கள் போல வரிசையாகச் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள். குழுத் தலைவன் அன்சாரி அதைத் தானே கொண்டுவந்து அவள் கையில் கட்டினான். அவளைவிடப் பத்து வயது இளையவன். யாரையும் அதட்டத் தெரியாதவன்.

"கையை மடியில வச்சிக்கிடுங்கக்கா. தட்டப் போற மாதிரி இருங்க. விரலை அசைக்க வேண்டாம்."

"அப்பம் மனசுல ஓடுறதெல்லாம் வந்து விழுந்துராதா தம்பி?"

"மனசை இது தொடாதுக்கா. நீங்க ஒரு எழுத்தைத் தட்டணும்னா மூளை கைக்கு ஒரு சேதி அனுப்புதுல்லா? அது நரம்பு வழியா மணிக்கட்டுக்கு வந்து சேரும். வந்த இடத்துலயே இது பிடிச்சிக்கிடும். விரலுக்கு வேலையே கிடையாது. கை எதைச் செய்யக் கிளம்புதோ, அது மட்டுந்தான்."

முதல் நாள் திணறினாள். இரண்டாம் நாள் எழுத்துகள் திரையில் ஓடத் தொடங்கின. கைகள் மடியில் தூங்குகிற குழந்தைகளைப் போலக் கிடந்தன. ஒரு மாதத்தில் விரல்களில் மரமரப்பு போய்விட்டது. அண்ணாச்சியிடம் அவளே போய், "நான் வாசிக்கேன்" என்றாள். பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் சின்ன இடைவெளியில் அவள் கை தன்போக்கில் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வரும். எந்த இசைத்தாளிலும் அது இருக்காது. ஒவ்வொரு வாரமும் வேறு மாதிரி வரும். அது திரும்பி வந்ததைக் கேட்டு முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் சண்முகத்தாயின் கேள்வி வந்தது.

கோவில்பட்டிக்காரி. கணவன் லாரி ஓட்டுகிறவன். இருதயத்தில் ஆபரேஷன் நடந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'நெடுநாளாக மூச்சுத்திணறல்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய் என்று அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிறுவனம் இல்லை என்றுவிட்டது. "மேடம், நெடுநாள்னு எழுதுனது நர்சம்மா. அவருக்கு தீவாளிக்கு அப்புறந்தான் மூச்சு வாங்குச்சு. நான் என்ன செய்யணும் மேடம்" என்று கேட்டிருந்தாள்.

பியூலாவுக்குப் பதில் மனப்பாடம். 'தங்கள் நிலைக்கு வருந்துகிறோம். விதிமுறைகளின்படி இதை ஏற்க இயலவில்லை.' அதைத்தான் அனுப்பினாள். அனுப்பியதாகத்தான் நினைத்தாள். திரையைப் பார்த்தால் வேறு என்னவோ இருந்தது.

'அம்மா விட்டுடாதீங்க. எப்ப இருந்து மூச்சுத்திணறல்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க. மறுபரிசீலனை வேணும்னு கேளுங்க. கேட்டாத்தான் எடுப்பாங்க. நாங்களா சொல்ல மாட்டோம்.'

குனிந்து கையைப் பார்த்தாள். விரல் ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் அந்த வார்த்தைகள் அவளுடையவைதான். இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல் எத்தனையோ பேரின் கேள்விக்கு முன்னால் அவள் நெஞ்சுக்குள் இவை வந்து நின்றிருக்கின்றன. ஒருநாளும் தட்டியதில்லை.

எழுந்து தண்ணீர் குடித்தாள். திரும்ப உட்கார்ந்தாள். திரும்ப எழுந்தாள். யாராவது கூப்பிடுவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கைப் பேச்சியம்மாள், "ஏக்கா, உங்களுக்குமா?" என்று காதோடு கேட்டாள்.

"என்னட்டி சொல்லுத?"

"நேத்து ஒருத்தன் என்னை வண்டி வண்டியா ஏசுனான். நானும் மனசுக்குள்ள நல்லா நாலு ஏச்சு ஏசுனேன். பாத்தா அவ்வளவும் அவனுக்குப் போயிருக்கு!" சிரிக்கப் பார்த்தாள். பயத்தில் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

தளத்தில் பாதிப் பேருக்கு அப்படி நடந்திருந்தது. மறுநாள் அன்சாரி எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தான். யாருக்கும் வேலை போகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டான். பட்டை பழகப் பழக ரொம்பக் கூர்மையாகிவிட்டதாம்.

"கை ஒண்ணைச் செய்யக் கிளம்புறதுக்கும், வேண்டாம்னு நம்ம அதைப் பிடிச்சு நிறுத்துறதுக்கும் நடுவுல கண்ணிமைக்கிற நேரம் இருக்கு. முந்தி அந்த நேரத்துக்குள்ள நிறுத்திருவோம், விரல் அசையாது, யாருக்கும் தெரியாது. இப்பம் இது கிளம்பினதுமே பிடிச்சிருது."

பியூலா கை உயர்த்தினாள். "அப்பம் இத்தனை வருஷமும் என் கை அதைத் தட்டணும்னு கிளம்பிக்கிட்டேதான் இருந்துச்சா?"

"கிளம்பித்தான் இருக்கும்க்கா. ஒவ்வொரு தடவையும் நீங்க பிடிச்சு இழுத்துட்டீங்க." அவன் தயங்கினான். "இதைச் செஞ்ச டாக்டர் ஒருத்தர் வேற ஒண்ணும் சொன்னாரு. உண்மையோ என்னவோ. உங்க கைவலியில பாதி தட்டுறதால வந்ததில்லையாம். தட்டாம இழுத்துப் பிடிச்சதால வந்ததாம்."

பேச்சி தன் மணிக்கட்டை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் திருத்தம் வந்தது. இனி பட்டை பிடிக்கும் வாசகம் நேராக வெளியே போகாது. நிறுவனத்தின் பதிலோடு ஒத்துப்போனால் போகும். ஒத்துப்போகாவிட்டால் உள்ளேயே நின்றுவிடும். நின்றால், அதைக் கட்டியிருப்பவர் தெரிந்துகொள்ளட்டும் என்று பட்டையில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரியும். அவ்வளவுதான். தண்டனை கிடையாது, அபராதம் கிடையாது.

ஆனால் விளக்கு கட்டியிருப்பவர் கண்ணுக்கு மட்டுமா தெரியும்? மேசைகளுக்கு நடுவே நடப்பவர்களுக்கும் தெரிந்தது. முதல் வாரம் அந்தத் தளம் முழுக்க மின்மினி விழுந்த வயல்போல இருந்தது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று, எரிந்து அணையும். மேலாளர்கள் அதுவரை நடக்காத நடையெல்லாம் நடந்தார்கள். ஒருவருக்கு எரிந்தால் பக்கத்தில் இருப்பவர் ஓரக்கண்ணால் பார்த்தார். சிலர் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். முழுக்கைச் சட்டை திடீரென்று அதிகமானது. சாப்பாட்டு நேரத்தில் பேச்சு குறைந்தது. அடுத்து, பயிற்சி தர ஒரு பெண்மணி சென்னையிலிருந்து வந்தாள். இனிமையாகப் பேசினாள்.

"கேள்வியை முழுசா படிக்காதீங்க. பெயரைப் படிக்காதீங்க, வயசைப் படிக்காதீங்க. பாலிசி எண்ணிலிருந்து நேரா காரணத்துக்குப் போயிடுங்க. கை கிளம்பினால்தானே நிறுத்தணும்? கிளம்பவே விடாதீங்க. உங்க கைக்கும் நல்லது."

பேச்சி அன்றைக்கே பட்டையைக் கழற்றி அன்சாரியின் மேசையில் வைத்துவிட்டாள். "எனக்குப் பழைய கீபோர்டையே தாங்க அண்ணே. என் மனசுக்குள்ள நான் எவனையும் ஏசிக்கிடுவேன். அதுக்கு ஒரு வெளக்கா?"

"கை போயிரும் பேச்சி. உனக்கும் தொடங்கிட்டுன்னு சொன்னியே."

"போனாப் போகட்டும்."

"இன்னொண்ணையும் கேட்டுக்கோ. பட்டையில ஏதாவது பிசகினா தெரியாம நடந்ததுன்னு விட்டுருவாங்க. கீபோர்டுல ஒரு வார்த்தை மாறிப் போனா, தெரிஞ்சே செஞ்சதுன்னு அர்த்தம். அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

கடைசியாகச் சொன்னதைப் பியூலாவைப் பார்த்துச் சொன்னது போல இருந்தது. பியூலா தலை குனிந்துகொண்டாள். கீபோர்டுக்குத் திரும்புவதை நினைத்தாலே முழங்கை வரை அந்தக் கம்பி இழுத்தது. வலிக்குப் பயந்துதான் அவள் பட்டையோடு இருந்தாள். வேறு காரணம் எதையும் அவள் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனால் நிம்மதியில்லை. ஒவ்வொரு கேள்வியையும் திறக்கும்போது கண் முதலில் மணிக்கட்டுக்குப் போகும். கால் தானாக ஆடும். நாலு கேள்விக்கு ஒருமுறை எழுந்து ஜன்னலுக்குப் போவாள். மதிலுக்கு அப்பால் பொட்டல்காட்டில் புள்ளிமான்கள் மேயும். அவற்றைப் பார்த்துக்கொண்டே, பெயரைப் படிக்காதே, வயசைப் படிக்காதே என்று உருப்போடுவாள். திரும்பி வந்து உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது பெயராகத்தான் இருக்கும். மஞ்சள் எரியும். பேருந்தில் வீட்டுக்குப் போகும்போதும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. பாலிசி எண். காரணம். பதில். அடுத்தது. இடையில் இருந்ததெல்லாம் ஓடும் ரயிலிலிருந்து பார்க்கும் ஊர்ப்பலகை மாதிரி வாசிப்பதற்குள் போய்விட்டது. ஒருநாள் முழுக்க மஞ்சள் எரியவில்லை. பிறகு ஒரு வாரம். மழைக்காலம் முடிவதற்குள் அவள் பட்டையில் விளக்கு இருப்பதே மறந்துபோனது. பயிற்சிப் பெண்மணி மறுபடி வந்தபோது எல்லோர் முன்னாலும் பியூலாவை எழுந்து நிற்கச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். பேச்சி தட்டவில்லை. அவளுடைய இரண்டு மணிக்கட்டிலும் கட்டு போட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு தேவசகாயம் அண்ணாச்சி கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்பமெல்லாம் ஒரு பிசகு இல்லம்மா. தாள்ல இருக்கது இருக்க மாதிரியே வருது." கொஞ்சம் நின்று, "முந்தி நடுவுல ஒண்ணு வாசிப்பியே, அது என்ன ஆச்சு?" என்றார்.

"வாசிக்கலையா அண்ணாச்சி?"

"ரெண்டு மாசமா இல்லையேம்மா. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. அவர் போன பிறகு பியூலா திரும்ப உட்கார்ந்து பல்லவியை வாசித்தாள். இடைவெளி வந்தது. விரல்கள் கட்டைகளின் மேல் காத்திருந்தன. எங்கேயும் வலியில்லை. எந்த விரலும் கிளம்பவில்லை. மறுபடி வாசித்தாள். மறுபடியும் அந்த இடத்தில் வெறும் அமைதி. சரணத்துக்குப் போக வேண்டிய நேரம் வந்ததும் கை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

ஸ்கூட்டரில் போகும்போது கணவனின் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "என் கை கிளம்ப மாட்டேங்குங்க."

"வலிக்கா?"

"வலியே இல்ல."

"அப்பம் நல்லதுதானே," என்றான் ஜெபக்குமார். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் கைக்காக ஊரெல்லாம் தைலம் தேடி அலைந்தவன் அவன்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறொரு தவிப்பு பிடித்தது. முன்பு மஞ்சள் எரிந்துவிடுமோ என்று பயந்தவள், இப்போது ஒருமுறையாவது எரியட்டும் என்று பார்க்க ஆரம்பித்தாள். வேண்டுமென்றே பெயரைப் படித்தாள். வயதைப் படித்தாள். பிள்ளைகள் எத்தனை என்று எழுதியிருந்தால் அதையும் படித்தாள். எல்லாம் புரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வரிசையில் அடுத்த கேள்வி வந்து நின்றது.

அப்படி ஒரு நாள் மத்தியானத்தில் திரையில் பழைய உரையாடல் ஒன்று திறந்துகொண்டது. பழைய பதில்கள் மேலே அப்படியே இருந்தன. கீழே புதிதாக எழுதியிருந்தது:

'மேடம் நல்லாருக்கீங்களா. நான் சண்முகத்தாய், கோவில்பட்டி. நீங்க சொன்னபடியே டாக்டர்கிட்ட எழுதி வாங்குனேன். மறுபரிசீலனைன்னு கேட்டேன். பணம் வந்துட்டு. எங்க வீட்டுக்காரர் இப்பம் மெல்ல நடக்காரு. எதுத்த வீட்டு ராமலட்சுமிக்கு கர்ப்பப்பை ஆபரேஷன். அவளுக்கும் உங்க கம்பெனியில இல்லைன்னுட்டாங்க. அவ பாலிசி நம்பர் கீழ போட்டுருக்கேன். அவளுக்கும் ஒரு வழி சொல்லுங்க மேடம். உங்களை விட்டா எனக்கு அங்க யாரைத் தெரியும்.'

பியூலா அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தாள். ராமலட்சுமிக்கும் அதே கதைதான். யாரோ அவசரத்தில் எழுதிய 'நெடுநாள்'. என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் வேண்டும் என்பதும் தெரியும். மணிக்கட்டைப் பார்த்தபடி காத்திருந்தாள். மேலே தன் பழைய பதிலை ஒருமுறை படித்தாள். 'அம்மா விட்டுடாதீங்க.' அதை எழுதியவளின் அவசரம் அந்த எழுத்துகளில் அப்படியே இருந்தது. மறுபடி மணிக்கட்டைப் பார்த்தாள். பட்டை இருண்டு கிடந்தது.

பட்டையிலேயே வலிந்து நினைத்துத் தட்டவும் செய்யலாம். தட்டினால் மஞ்சள் எரிந்து வாசகம் உள்ளேயே நின்றுவிடும். கோவில்பட்டிக்குப் போய்ச் சேராது.

அவள் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"பேச்சி, உன் கீபோர்டை இங்க தா."

பேச்சி எட்டி அவள் திரையைப் பார்த்தாள். ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "வேண்டாம்க்கா. இதுல அடிச்சா தெரிஞ்சு செஞ்சதுன்னு ஆயிரும். அண்ணன் சொன்னாருல்லா?"

"தெரிஞ்சுதானட்டி செய்யுதேன். தா."

கட்டுப் போட்ட கைகளால் பேச்சி கீபோர்டைத் தூக்கித் தள்ளினாள். பியூலா அதைச் செருகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாதக்கணக்கில் தொடாத கட்டைகள். ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி அழுத்த வேண்டியிருந்தது. 'ராமலட்சுமி அவர்கள் செய்ய வேண்டியவை' என்று தொடங்கினாள். எந்த டாக்டரிடம், எந்த வார்த்தைக்கு விளக்கம், எந்தப் பெயரில் மறுபரிசீலனை கேட்க வேண்டும். வரிசையாக, காய்ந்த ஆபீஸ் தமிழில் வந்தது. இரண்டாவது வரியிலேயே மணிக்கட்டில் கம்பி இழுக்கத் தொடங்கிவிட்டது. நான்காவது வரியில் கட்டைவிரல் மரத்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு தட்டினாள்.

அன்சாரி வருவது தெரிந்தது. கட்டைகளின் சத்தம் பேச்சியின் மேசையில் கேட்காமல் வேறு மேசையில் கேட்டால் அவனுக்குத் தெரியாமல் போகுமா? அவள் நிறுத்தவில்லை. அவன் பின்னால் வந்து நின்று திரையைப் படித்தான். அவள் கடைசி வரியையும் முடித்து அனுப்பினாள்.

"என்னக்கா இது," என்றான் ரொம்பத் தாழ்ந்த குரலில்.

"மேல எழுதிக் குடுக்கணும்னா குடுத்துருங்க தம்பி. நான் ஒண்ணும் நினைச்சிக்கிட மாட்டேன்."

"நான் எழுதாட்டா நாளைக்கு இன்னொருத்தர் எழுதுவாங்கக்கா." அவன் முகம் வாடியிருந்தது. "உங்க பட்டையில மாசக்கணக்கா மஞ்சளே எரியலையே. இந்தம்மாவைப் பாத்து அவ்வளவு பாவமா இருந்துச்சா?"

பியூலாவுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"பாவமா இல்ல தம்பி. ஒண்ணுமே இல்ல. அதனாலதான்."

அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. பேச்சி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பியூலா கையை மடியில் வைத்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். தோள் வரை வலித்தது. ஏதாவது ஒரு சந்தோஷம் வருமா என்று பார்த்தாள். இவ்வளவு காலம் செய்ய நினைத்து, செய்யாமல் விட்டதைச் செய்து முடித்திருக்கிறாள். வலி மட்டும் வந்தது. அதுவாவது வந்ததே என்று இருந்தது.

திரையில் கோவில்பட்டியிலிருந்து பதில் விழுந்தது.

'ரொம்ப நன்றிம்மா. நீங்க நல்லா இருக்கணும். எழுதுன விதம் வேற மாதிரி இருக்கே. அன்னைக்கு எனக்குச் சொன்னதும் நீங்கதானே?'

பியூலா அந்தக் கேள்வியை முழுசாக, ஒரு எழுத்து விடாமல் படித்தாள். பிறகு மரத்த விரலைத் தூக்கி ஒவ்வொரு கட்டையாக அழுத்தினாள்.

'இல்லம்மா. அவங்க இப்ப இங்க இல்ல.'